ஒன்பதாவது கட்டம்

வெயின்ரைட் தாண்டிப் பதினெட்டாவது கிலோமீட்டரில்
தார் முடிந்து சரளை தொடங்குகிறது.
சரளையும் முடிகிற இடத்தில்
டாரில் ஹவ்ரிலுக்கின் கனோலா வயல்.
அறுத்த தாள் பூட்ஸில் குத்துகிறது.
மின்கம்பி போகப்போகும் வழியை அளக்க
முக்காலியைத் தோளில் போட்டு
மேடேறுகிறேன்.
அக்டோபர். இங்கே காற்றுக்கு
ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை;
என் காதுக்குள் வந்து ஒதுங்குகிறது.

உச்சியில் அது படுத்திருந்தது.
வெள்ளைப் பாறை, ஒரு கன்றுக்குட்டி அளவு.
முதுகு நீளத்துக்கு ஒரு கோடு,
கோட்டிலிருந்து இருபுறமும் இறங்கும் விலாக்கள்,
விலாக்களுக்கிடையே குழிகள்.
நடுகல் என்று சொல்ல வாய் வந்தது.
ஆனால் இதை யாரும் நடவில்லை.
வடக்கே எங்கோ ஏற்றிய சுமையை
உறைபனி ஆறு பாதி வழியில்
இறக்கிவிட்டுப் போயிருக்கிறது,
கூலித் தகராறு வந்த லொறிக்காரனைப் போல.

குழிகளை எண்ணினேன். முப்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன். முப்பத்து மூன்று.
ஒன்றில் நேற்றைய மழை, பால்போல் ஏடு கட்டி.
ஒன்றில் ஐந்து சதக் காசு.
ஒன்றில் ஒரு வண்டு, கால்களை மடித்துக்கொண்டு.
எறும்பு ஊரக் கல்லும் தேயும்தான்.
இதில் ஊர்ந்தது எறும்பு அல்ல.
யாரோ குந்தியிருந்து
இன்னொரு கல்லால் கொத்தியிருக்கிறார்,
கொத்தியதைத் தேய்த்திருக்கிறார்,
நாள்கணக்கில், முழங்கால் மரத்துப்போக.
இந்தக் குழி சற்றே இடப்பக்கம் சாய்கிறது.
இடக்கைக்காரராக இருக்கலாம்.
என் கட்டைவிரல் அதில் பொருந்தும் போலிருந்தது.
வைக்கவில்லை.

வேலியோரம் டிராக்டரை நிறுத்திய டாரில் சொன்னான்:
"அப்பா வருஷா வருஷம் வயல் கல்லெல்லாம் பொறுக்குவார்.
இதைச் சுற்றித்தான் உழுவார்."
ஏனென்று கேட்டேன்.
"கேட்டதில்லை. நானும் சுற்றித்தான் உழுகிறேன்."

கம்பனிப் படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
நீளம், அகலம், உயரம் எழுதினேன்.
அட்சம், தீர்க்கம்: ஏழு தசமம் வரை.
ஒன்பதாவது கட்டம்: பயன்பாடு.

ஷெல்பி கார்டினல் டிரக்கிலிருந்து இறங்கி வந்தாள்,
க்ரீ மக்கள் தரப்பில்
எங்கள் வேலையைப் பார்வையிட வருகிறவள்.
"இது எதற்கு?" என்றேன், பேனா தயாராக.
அவள் பாறையை ஒருமுறை சுற்றி நடந்தாள்.
"உங்கள் கம்பம் எங்கே வருகிறது?"
நான் நின்ற இடத்தைக் காட்டினேன்.
அதன்பின் கொஞ்ச நேரம்
காற்றுதான் பேசியது.

"புகையிலை எடுக்க மறந்துவிட்டேன். உன்னிடம் இருக்கிறதா?"

நான் விட்டு இருபத்தாறு நாள்.
தர்மினியிடம், மகள் தலையில் கைவைத்துச் சத்தியம்.
ஆனாலும் வண்டியில், உதிரி டயருக்கு அடியில்,
ஒரே ஒரு சிகரெட்.
களவெடுத்ததைத் திருப்பித் தருகிறவன் முகத்தோடு
கொண்டுவந்து கொடுத்தேன். லைட்டரையும் நீட்டினேன்.
அவள் சிரித்தாள். தாளைக் கிழித்தாள்.
பழுப்புத் தூளை உள்ளங்கையில் ஏந்தி
எனக்குக் கேட்காத குரலில் எதையோ சொல்லி
பாறையின் அடியில் இட்டாள்.
பஞ்சை மட்டும் என் கையில் திருப்பி வைத்தாள்.

முக்காலியை மடித்தேன்.
அறுபது மீட்டர் தெற்கே நட்டேன்.
கோடு வளையும். செலவு கூடும்.
கால்கரியில் யாரோ பெருமூச்சு விடுவார்.

இரவு எட்மன்டனில்
கதவு திறந்ததுமே தர்மினி என் விரலை மணந்து பார்த்தாள்.
"குடிச்சனீங்களோ?"
"இல்லையப்பா. கல்லு குடிச்சது."
பொய்யென்றால் இதைவிட நல்லதாய்ச் சொல்லியிருப்பான் என்று
நினைத்தாளோ என்னவோ,
சோற்றுக் கோப்பையை எடுத்து வைத்தாள்.

படிவம் மேசையில் கிடக்கிறது.
பதினொரு கட்டமும் நிரம்பிவிட்டன.
ஒன்பதாவது மட்டும் குழியாக இருக்கிறது.
மழை வந்தால்
கொஞ்சம் தங்கும்.